முதல் ஆல்பம் பாட்டு: முகத்தை நம்புவதா, கதையை நம்புவதா?

பாட்டு ரெக்கார்டிங் ஆகி, மிக்ஸிங்கும் முடிந்து கைக்கு வந்துவிட்டது. பணத்தில் பாதிக்கு மேல் ஸ்டூடியோவிலேயே கரைந்துவிட்டது. மிச்சத்தை வைத்துப் படம் பிடிக்க வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் சொந்தமாகப் பாட்டு போடுகிறவர்கள் எல்லாரும் வந்து முட்டி நிற்கும் இடம் இதுதான். நான் பிழைப்புக்குக் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன். என்னிடம் வருகிற பிள்ளைகள் முதலில் கேட்பது, "எந்த கேமராண்ணா எடுக்கலாம்?" என்றுதான். அதற்குப் பதில் சுலபம்: குறைந்த வாடகைக்கு எது கிடைக்கிறதோ அது. கேமராவுக்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது வேறு. பாடுகிறவர் முகத்தை வைத்தே எடுப்பதா? ஆள் போட்டுக் கதை எடுப்பதா? இரண்டும் வேண்டாம் என்று எழுத்து ஓடும் லிரிக் வீடியோவோடு நிறுத்திக்கொள்வதா?

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் பாட்டுக்கு முகம்தான். கதைக்கென்றே பிறந்த பாட்டுகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நம் பக்கம் கதையாக எடுக்கப்படுகிற பாட்டுகளில் பெரும்பாலானவை அந்த ரகம் இல்லை.

பாட்டு வகை கேட்கிற படம்

ஒவ்வொரு வகைப் பாட்டும் பார்க்கிறவர் கண்ணுக்கு ஒரு வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் தொடங்குகிறது. ராப் என்றால் கேமரா இடுப்புக்குக் கீழிருந்து அண்ணாந்து பார்க்கும். வைட் லென்ஸில் பாடுகிறவன் கை முன்னால் வந்து பெரிதாகத் தெரியும். பின்னால் கூட்டாளிகள் ஒன்றும் செய்யாமல் நிற்பார்கள். நிற்பதுதான் அவர்கள் வேலை. 1990களின் பிற்பகுதியில் ஹைப் வில்லியம்ஸ் என்ற அமெரிக்க இயக்குநர் எல்லாவற்றையும் வளைத்துக் காட்டும் மீன்கண் லென்ஸை முகத்துக்கு நேரே கொண்டுபோய் வைத்ததிலிருந்து இந்த வளைந்த உலகம் ராப்போடு ஒட்டிக்கொண்டது. இது வெறும் ஸ்டைல் இல்லை. 'இது என் ஏரியா, பேசுறவன் நான்' என்பது எழுதினாலும் எழுதாவிட்டாலும் ராப் பாட்டின் முதல் வரி. கேமரா அதைத்தான் சொல்கிறது.

மெலடிக்கு நேர் எதிர். தூரத்து லென்ஸ், மங்கின பின்னணி, முடிக்குப் பின்னாலிருந்து வெயில், மெதுவாக நகரும் உடம்பு. ராக் பாட்டில் முகத்தை விட விரல் முக்கியம். தந்தி, குச்சி, மைக்கைப் பிடித்த முட்டி, பட்பட்டென்று கட். பறையோடு வரும் பாட்டில் வட்டம்தான் எல்லாம். கேமரா வட்டத்துக்கு உள்ளே நிற்கிறதா, வெளியே நின்று வேடிக்கை பார்க்கிறதா என்பதிலேயே எடுத்தவர் யார் என்று தெரிந்துவிடும். பக்திப் பாட்டில் இந்த ஆட்டமெல்லாம் செல்லாது. அம்மன் முகத்தைச் சாய்த்து எடுத்தால் ஊரில் பேச்சு வாங்க வேண்டும். அங்கே கேமரா பாதத்தில் தொடங்கி மெல்ல மேலேறிக் கிரீடத்தில் நிற்கும். பாதாதிகேசம் பாடிய புலவர்கள் சொல்லால் செய்ததை ஆடி மாதப் பாட்டு எடுக்கும் கேமராக்காரர் யாரும் சொல்லிக்கொடுக்காமலே டில்ட் ஷாட்டில் செய்கிறார்.

இந்த வாக்கைக் காப்பாற்றலாம், மீறவும் செய்யலாம். ஆனால் எதை மீறுகிறோம் என்று தெரிந்து மீற வேண்டும். ராப் பாட்டை மெலடி மாதிரி பூவும் பனியுமாக எடுத்தால், எதற்கு என்று ஒரு காரணம் பாட்டுக்குள் இருக்க வேண்டும். காரணம் இல்லாவிட்டால் கேமராக்காரருக்கு அந்த லென்ஸ் மட்டும்தான் இருந்தது என்று பார்க்கிறவர் கண்டுபிடித்துவிடுவார்.

வரிக்கும் படத்துக்கும் உள்ள உறவைப் பற்றி மியூசிக் வீடியோ ஆய்வாளர் ஆண்ட்ரூ குட்வின் 1992இல் எழுதிய நூல் ஒன்றில் மூன்று வகை சொல்கிறார். பாட்டு சொல்வதையே படம் காட்டுவது ஒன்று. சொன்னதற்கு மேல் ஒரு பொருளைச் சேர்த்துப் பெரிதாக்குவது இரண்டு. சொன்னதற்குச் சம்பந்தமில்லாமலோ எதிராகவோ நிற்பது மூன்று. மியூசிக் வீடியோ பற்றிப் பாடம் நடத்துகிறவர்கள் இன்றும் இதைத்தான் எடுத்துப் பேசுகிறார்கள். எடிட் மேஜையில் எனக்கும் இதை விட உபயோகமான அளவுகோல் கிடைக்கவில்லை. நம் ஆல்பங்களில் முதல் வகைதான் மலிந்து கிடக்கிறது. 'மழை' என்று பாடினால் மழை, 'நெஞ்சு' என்று பாடினால் கை நெஞ்சுக்குப் போகும். காது ஏற்கெனவே வாங்கிக்கொண்டதைக் கண்ணுக்கும் கொடுத்து என்ன பயன்?

பாடுகிற முகம்

தமிழ்ப் பார்வையாளருக்கு ஒரு தனிப் பழக்கம் உண்டு. குரல் ஒருவருடையது, வாயசைப்பவர் வேறொருவர் என்பதில் நமக்கு எந்த உறுத்தலும் இல்லை; பின்னணிப் பாடகர்களைக் கேட்டு வளர்ந்த காது. அதனால்தான் நம் பிள்ளைகள் சொந்தமாகப் பாடிவிட்டு, "வீடியோவுக்கு ஹீரோ போட்டுக்கலாம்ணா, நான் பார்க்க நல்லா இருக்க மாட்டேன்" என்கிறார்கள். ஆனால் ஆல்பம் பாட்டில் விற்க வேண்டிய சரக்கே பாடுகிறவர்தான். பாட்டு பிடித்தவர் அடுத்த பாட்டைத் தேடும்போது எந்த முகத்தைத் தேடுவார்? கூலிக்கு வந்த ஹீரோவையா?

முகம் மட்டுமே ஒரு பாட்டைத் தாங்கும் என்பதற்கு 1990இல் வந்த ஐரிஷ் பாடகி சினேட் ஓ'கானரின் 'நத்திங் கம்பேர்ஸ் டூ யூ' வீடியோ எல்லாரும் காட்டுகிற சாட்சி. மொட்டைத்தலை, கறுப்புப் பின்னணி, பெரும்பகுதி க்ளோஸ்-அப், ஒரு கட்டத்தில் கண்ணீர். இங்கேயே பார்க்க வேண்டுமானால் 2011இல் ஊரையே ஆட்டிய 'கொலவெறி'. படத்துக்கான பாட்டுதான், ஆனால் பரவிய வீடியோவில் இருந்தது ஸ்டூடியோவில் ஹெட்போனோடு நின்று பாடுகிற ஆளும் சுற்றி நிற்கிறவர்களும். செட் இல்லை, டான்ஸர் இல்லை.

சுலபமாகத் தெரிகிறதே தவிர, இதில் தப்ப முடியாத வேலைகள் சில உண்டு. முதலாவது, ஷூட்டில் நிஜமாகவே வாய்விட்டுப் பாட வேண்டும். உதட்டை மட்டும் அசைத்தால் கழுத்து நரம்பு சும்மா இருக்கும். க்ளோஸ்-அப்பில் பொய் அங்கேதான் தெரியும்.

இரண்டாவது, ஸ்லோமோஷன். மெலடிக்கு உடம்பு மெதுவாகவும் உதடு பாட்டோடு சரியாகவும் ஓட வேண்டுமானால், பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஸ்பீக்கரில் ஓடவிட்டு, அந்த வேகத்துக்கே பாடச் சொல்லி, நொடிக்கு 50 ஃப்ரேமில் எடுத்து 25இல் ஓட்ட வேண்டும். முடி மிதக்கும், துப்பட்டா மிதக்கும், உதடு மட்டும் பாட்டைப் பிடித்தபடி போகும். எலிக்குரலில் ஓடும் தன் பாட்டைக் கேட்டு முதலில் எல்லாரும் சிரித்து டேக்கைக் கெடுப்பார்கள், சிரித்து முடிக்கட்டும். ராப்புக்கு இந்த வித்தை ஆகாது. ஏற்கெனவே மூச்சு முட்டப் பேசுகிறவனை இரண்டு மடங்கில் பேசச் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். அவனுக்கு 30 ஃப்ரேமில் எடுத்து 24இல் ஓட்டினால் போதும், பாட்டை ஒன்றேகால் மடங்கு வேகத்தில் வைக்க வேண்டும். நடையில் ஒரு கனம் வரும், யாருக்கும் ஏன் என்று தெரியாது. டியூப்லைட் வெளிச்சத்தில் 30 ஃப்ரேம் வைத்தால் ஷட்டரை 1/50 நொடியிலேயே நிறுத்துங்கள். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். 1/60க்குப் போனால் வெளிச்சம் துடிக்கும்.

எடிட்டில் பார்த்தால் முகப் பாட்டுதான் தாளத்துக்கு நெருக்கமாக வெட்டக் கிடைக்கும். நிமிடத்துக்கு 90 அடி விழுகிற பாட்டு என்றால் 24 ஃப்ரேம் டைம்லைனில் ஓர் அடிக்குச் சரியாக 16 ஃப்ரேம். ஒவ்வொரு அடியிலும் வெட்டினால் ஐந்தாவது நொடியில் கண் சலித்துப்போகும். நான் பல்லவிக்கு மட்டும் அடியில் வெட்டுவேன், அதுவும் ஓரிரு ஃப்ரேம் முன்னதாக. கண் புது ஷாட்டை வாங்கிக்கொள்ளும் நேரத்துக்கு அடி வந்து விழும். சரணத்தில் பாடுகிறவர் மூச்செடுக்கும் இடம்தான் கட்.

இன்னொன்று, நிறம். கல்யாண வீடியோ பழக்கத்தில் முகத்தை வெளுப்பாக்கிவிடுகிற வியாதி எங்கள் தொழிலில் உண்டு. சித்திரை வெயிலில் கருத்த முகத்துக்கு எக்ஸ்போஷர் வைத்தால் பின்னால் வானம் வெந்து வெள்ளையாகப் போகும். போகட்டும். வானத்தைக் காப்பாற்ற முகத்தை இருட்டில் விட்டு, பிறகு நிறம் திருத்தும் டிஐயில் தூக்கினால் தோல் சாம்பல் பூத்துவிடும். கூடியவரை காலை ஒன்பதுக்குள் முடியுங்கள். முடியாவிட்டால் புளியமர நிழலுக்குப் போய்விடுங்கள். நம் ரோடுகளில் அதற்குப் பஞ்சமில்லை.

இனி ஒகேனக்கல். யாரைக் கேட்டாலும் முதல் லொகேஷன் அதுதான். அருவி அழகு, யார் இல்லையென்றார்கள்? அருவிச் சத்தத்தில் ஸ்பீக்கர் கேட்காது. காதில் ஒயர் மாட்டிப் பாட வைத்தால் கேமராவில் பாட்டு பதியாமல் எடிட்டர் ஒவ்வொரு ஷாட்டுக்கும் உதட்டைத் தேடி ஒட்ட வேண்டும். கை தட்டி, எந்த வரி என்று விரலால் காட்டிவிட்டாவது தொடங்குங்கள். அது சமாளிக்கிற சங்கதி. பெரிய சங்கடம், அருவி பாட்டுக்கு எந்த வேலையும் செய்யாது. பாட்டிலுள்ளவன் பரிசல் தள்ளுகிறவனோ மீன் வறுக்கிற வீட்டுப் பிள்ளையோ என்றால் ஒகேனக்கலை விட்டால் வேறு இடமே இல்லை. காதல் தோற்றவன் எதற்கு அங்கே? அவனுக்குத் தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் கடைசி வண்டி போன பிறகு எரிகிற விளக்கு போதும். ராக், மெட்டல் மாதிரி உறுமுகிற பாட்டுக்குக் கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கத்துக் கல்குவாரிகள் எழுதிக்கொடுத்தது போல இருக்கும். அறுத்த பாறையின் நேர்கோடுகள் பெரிய செட்டுக்குச் சமம். முதலாளி அனுமதியும், வெடி வைக்காத நேரமும் கேட்டுக்கொண்டு போங்கள். மெலடிக்கு மாந்தோப்பு, ஆனால் காய்ப்புக் காலத்தில் காவலும் கெடுபிடியும் இருக்கும். கோட்டை, அணை, காடு மூன்றும் அனுமதி இல்லாமல் தொடக்கூடாத இடங்கள். ட்ரோனுக்கு 2021 விதிகள் தனி.

கதை

கதைப் பாட்டின் அடிப்படைச் சிக்கலை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பல்லவி திரும்பி வரும். கதை திரும்பி வராது. மூன்றரை நிமிடத்தில் பல்லவி மூன்று தரம் வந்துவிடும். ஒவ்வொரு தரமும் அதே வரி, அதே மெட்டு. கதையோ முன்னால் ஓடியாக வேண்டும். 1983இல் மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' ஏறக்குறைய 14 நிமிடம் ஓடியது. பாட்டு மட்டும் 6 நிமிடத்துக்குள்தான். அதில் சரணங்களை அடுத்தடுத்துப் பாடவிட்டுப் பல்லவியைக் கடைசிக்குத் தள்ளிவிட்டார்கள். கதைக்காகப் பாட்டையே பிரித்துக் கோத்தார்கள். அவரிடம் அதற்கான பணமும் தைரியமும் இருந்தது. நம்மிடம் மிக்ஸிங் முடிந்த ஒரே ஃபைல்தான் இருக்கிறது.

நம் பக்கத்து லவ் ஃபெயிலியர் ஆல்பத்தைப் பாருங்கள். முதல் பல்லவியில் பைக், டீக்கடை, பள்ளிக்கூட வாசல். இரண்டாவதில் ஃபோன் எடுக்கவில்லை. மூன்றாவதில் கல்யாணப் பத்திரிகை, மது பாட்டில், தண்டவாளம். பாட்டை நிறுத்திவிட்டு வசனம் வேறு. பெண் எதற்குப் போனாள் என்று ஒரு ஷாட்கூட இருக்காது. அவள் போவதற்காகவே வந்தவள். எனக்கு இதில் சலிப்பை விடக் கோபம்தான் அதிகம். பெண்ணுக்கும் ஒரு சரணம் கொடுத்தால் அதே பழைய கதை புதிதாகிவிடும். எடுக்கத்தான் ஆள் இல்லை. நடிக்கப் பெண் கிடைப்பதே பெரும்பாடு. கிடைத்தால் வீட்டில் பேசி, அம்மாவையும் கூட்டிவந்து, இருட்டுவதற்குள் கொண்டுபோய் விட வேண்டும். இந்த நியாயமான கவலைக்கெல்லாம் பட்ஜெட்டிலும் நேரத்திலும் இடம் ஒதுக்காமல் கதை எழுதிவிட்டு, ஷூட் அன்றைக்கு ஷாட்டை வெட்டுகிறார்கள். கதையில் ஓட்டை விழுகிறது.

அப்படியும் கதைதான் வேண்டும் என்றால் பல்லவியை எதிரியாக்காதீர்கள். ஒவ்வொரு பல்லவிக்கும் கேமரா ஒரே இடத்துக்குத் திரும்பட்டும், அங்கே ஏதோ ஒன்று மட்டும் மாறியிருக்கட்டும். திண்ணையில் முதலில் இரண்டு டம்ளர், அடுத்து ஒன்று. வரி மாறாது, பொருள் மாறிவிடும். குட்வின் சொன்ன இரண்டாவது வகைக்கு இதை விடக் குறைந்த செலவில் வழி கிடையாது.

எழுத்து

லிரிக் வீடியோ மூன்றிலும் மலிவு. பக்திப் பாட்டுக்கும், கூடச் சேர்ந்து பாட வேண்டிய எந்தப் பாட்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்வேன். வட்டார வழக்கில் வேகமாகப் பேசும் ராப்புக்கும் பொருந்தும். மதுரைக்காரருக்கு நம் பேச்சும், நமக்கு அவர் பேச்சும் எழுத்தில் பார்த்தால்தான் பிடிபடும். ஆனால் சினிமாவில் லிரிக் வீடியோ ஓடுவது எழுத்துக்காக மட்டும் இல்லை, பின்னால் வரும் ஸ்டார் ஸ்டில்லுக்காகவும்தான். அறிமுகமில்லாத பாடகருக்கு அந்த முட்டு கிடையாது. தொழில்நுட்பத்தில் ஒரே எச்சரிக்கை: சில எடிட்டிங் சாஃப்ட்வேர்களில் தெற்காசிய எழுத்துக்கான செட்டிங்கை மாற்றாவிட்டால் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமும் நிற்கும். அதைக் கவனிக்காமல் ஏற்றிவிட்ட வீடியோக்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

சிங்கிள் ஷாட், கான்செப்ட் என்றும் கேட்கிறார்கள். ஓகே கோ என்ற அமெரிக்க ராக் குழு 2006இல் டிரெட்மில் மேல் ஆடி ஒரே ஷாட்டில் எடுத்தது பணத்தால் வந்ததில்லை, பழக்கத்தால் வந்தது. ஒத்திகை பார்க்கப் பொறுமை இருந்தால் எடுங்கள். இல்லாவிட்டால் வேண்டாம்.

ஒரு பாட்டுக்கு எடுத்த முடிவு

பென்னாகரத்திலிருந்து ஒரு குழு பாட்டோடு வந்தது. ராப், பல்லவிக்குப் பறை. வாரக் கடைசியில் ஊருக்கு வந்துவிட்டுத் திங்கட்கிழமை விடியலில் பெங்களூர் கட்டட வேலைக்குத் திரும்புகிறவர்களைப் பற்றிய வரிகள். பாடுகிற தம்பியின் அப்பாவும் அந்த வண்டியில் போகிறவர்தான். அவர்கள் எழுதி வந்திருந்தது கதை: சாரத்திலிருந்து அப்பா விழுகிறார், ஃபோன் வருகிறது, அம்மா கதறுகிறார், மகன் ஓடுகிறான்.

மூன்று வழியையும் வைத்துப் பார்த்தோம். சாரத்திலிருந்து விழுவதை எடுக்க ஸ்டண்ட் ஆளும் கட்டடமும் வேண்டும். ஏமாற்றி எடுத்தால் சிரிப்பு வரும், இந்தப் பாட்டில் சிரிப்பு வந்தால் பாவம். அதோடு, வரிகளில் யாரும் விழவே இல்லை. போகிறார்கள், வருகிறார்கள், மறுபடி போகிறார்கள். பாட்டின் வலி அந்த மறுபடியில் இருக்கிறது. விபத்தை நுழைத்தால் விழாமல் போய்வருகிற ஆயிரம் பேரின் திங்கட்கிழமை சாதாரணமாகிவிடும். லிரிக் வீடியோ? வரிகள் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் பறையை எழுத்தில் காட்ட முடியாது.

அதனால் முகம். சரணங்கள் முழுக்க விடியலுக்கு முன் பஸ் நிற்கும் இடத்தில், அவன் அப்பாவின் பயணப் பைக்கு அருகில் நின்று, நேரே லென்ஸைப் பார்த்து. ராப் வழக்கத்தில் ஒன்றை மட்டும் மீறினோம்: கேமரா கீழிருந்து பார்க்காது, கண் மட்டத்தில் நிற்கும். 'என் ஏரியா' என்று மார்தட்டுகிற பாட்டு இல்லை இது, ஏரியாவை விட்டுப் போகிற பாட்டு. பின்னால் கூட்டாளிகளுக்குப் பதில் வண்டிக்குக் காத்திருக்கும் ஆட்கள், சம்மதம் கேட்டு, அவர்கள் எப்படி நிற்பார்களோ அப்படியே. தூக்குவாளி, சுருட்டிய போர்வை, ஒரு கையில் டீ. நடிக்கச் சொல்லவே கூடாது.

பல்லவிக்கு ஊருக்கு வெளியே ஒரு கரட்டின் அடியில் பறை வட்டம், கேமரா வட்டத்துக்குள். முதல் பல்லவியில் வட்டம் நிறைந்திருக்கும். இரண்டாவதில் நடுநடுவே இடைவெளி. மூன்றாவதில் தம்பியும் வயதான ஒருவரும் மட்டும், அடி அதே அடி. ஆட்கள் குறைந்ததற்கு விளக்கம் எதுவும் படத்தில் வேண்டாம். சரணம் அதைச் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது. 2021இல் வந்த 'என்ஜாய் எஞ்சாமி'யில் பாடிய இருவருமே நிலத்தின் நடுவே நின்றார்கள், வரிசைக் கதை கிடையாது. அதைப் பார்த்தே ஆரம்பித்த பிள்ளைகள் என்பதால் இந்த ஏற்பாட்டுக்குச் சீக்கிரம் தலையாட்டினார்கள். வட்டம் மூன்று தரம் வந்தாலும் ஒரே மாலையில் எடுத்துவிடலாம், நிறைந்த வட்டத்தை முதலில் எடுத்துவிட்டு ஆட்களை அனுப்பிவிட வேண்டியதுதான். திருவிழா இல்லாத நாளாகப் பார்த்து வைக்க வேண்டும். பறைக்காரர்களுக்கு அதுதான் பிழைப்பு.

ஒரே ஒரு விஷயத்தில் தம்பி இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒகேனக்கல் மேலே ஒரு ட்ரோன் ஷாட் வேண்டுமாம். பெங்களூர் வண்டிக்கும் அருவிக்கும் என்னப்பா சம்பந்தம், வேண்டுமானால் பாலக்கோடு, ராயக்கோட்டை ரோட்டில் வண்டி போவதை மேலிருந்து எடுக்கலாம் என்றேன். அதற்கும் முகம் சுளித்தான். கடைசியில் பேசி வைத்திருப்பது இது: எந்த ட்ரோன் ஷாட்டானாலும் முதல் பறை அடி விழுவதற்கு முன், பாட்டின் நான்கு தாளக்கட்டு ஓப்பனிங்கில் மட்டும். நிமிடத்துக்கு 90 அடி வேகத்தில் அந்தப் பதினாறு அடி பதினோரு நொடிகூட வராது.